மூக்கு தெரியும் பக்கம்

திருப்பதியிலிருந்து ஹைமாவதி எழுதியிருந்தாள்:
நிறம் வேண்டாம், கீதலு சாலு.
வண்ணப் பக்கத்துக்கு அந்த ஆய்விதழ்
தனியாகக் காசு கேட்கிறதாம்.
அவள் கீத என்பாள். நான் கோடு என்பேன்.

அவளுடைய புரதம்
கண்ணாடி விரியன் விஷத்திலிருந்து வந்தது.
ஆயிரத்துக்குச் சற்றே குறைவான அணுக்கள்.
உருண்டை உருண்டையாக வைத்தால்
உதிராமல் பிடித்த லட்டு.

அதன்மேல் ஒரு நீர் மூலக்கூறு அளவுக்கு
பந்து ஒன்றை உருட்டுகிறேன், கணினிக்குள்,
ஒற்றைக் கையால்.
(இடது முழங்கையில் புத்தூர்க் கட்டு.
திருத்தணியிலிருந்து வரும்போது
சோதனைச் சாவடித் தடுப்பில் ஸ்கூட்டர் சறுக்கியது.
வண்டி ஆந்திராவில் விழுந்தது,
செருப்பு தமிழ்நாட்டில்.)

பந்து தொட்ட இடமெல்லாம் மேனி.
மேனி என்பது அவ்வளவுதான்,
தண்ணீருக்கு எட்டிய வரை.

கோட்டுக்கு ஒரு விதி உண்டு.
மேனி என்னைப் பார்ப்பதை நிறுத்தி
முதுகு காட்டத் தொடங்கும் இடத்தில்
பெருக்கிக் கூட்டினால் சுழி வரும்.
அங்கே போடு.

வந்தது.
பல்லாயிரம் இடத்தில் வந்தது.
ஒவ்வோர் அணுவின் புடைப்பும்
தனக்கென ஒரு விளிம்பு கேட்டது.
குளியலறைச் சல்லடையில் சுருண்ட முடி மாதிரி
ஒரு படம் அனுப்பினேன்.
"ஏமிட்டி இதி?
மருந்து போய் உட்காரும் பள்ளம் எங்கே?"

இரவு பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.
ஏகாம்பரகுப்பத்தின் விசைத்தறிகள்
நடு அடியில் நின்றன.
காது வலிக்கும் அமைதி.
மொட்டை மாடிக்குப் போனேன்.

நகரி மலைக்குப் பின்னால் நிலா.
எத்தனை பாறை, எத்தனை புதர்,
எத்தனை ஆட்டுத்தடம் அந்தச் சரிவில்.
இருட்டு எதையும் வரையவில்லை.
நெற்றி, மூக்கு, மோவாய்,
ஒரே இழுப்பு.

கோடு என்றால் மலைமுகடு என்றும் பொருள்,
வளைவு என்றும்.
பத்தாம் வகுப்பில் எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கி
மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் மூன்றாம் கட்டுக்காக ரயிலில் போனேன்.
வேப்பகுண்டா தாண்டியதும்
மூக்கு தேய்ந்தது.
புத்தூரில் அது ஏதோ ஒரு மலை.
மூக்கு மலையில் இல்லை போலிருக்கிறது.
அந்த ஊரில் யாரும் அதற்காகக் குறைபட்டதாகவும் தெரியவில்லை.

கட்டுப் போடுகிறவர்
பெருவிரலால் முழங்கையைத் தடவினார்.
வீக்கத்தைப் பொருட்படுத்தவே இல்லை.
வீக்கத்துக்கு அடியில் வேறொரு வடிவம் இருப்பதுபோல
அதையே தேடிப் போனது விரல்.
நான் கத்தினேன்.
கத்தும்போதே எனக்குப் புரிந்தது
மேனியைத் தொட வேண்டியதில்லை என்று.
அது நோக்கும் திசைகளை மட்டும்
அக்கம்பக்கத்தோடு கலந்து
சராசரியாக்கினால் போதும்.

அன்றிரவு முடி உதிர்ந்தது.
மிஞ்சியவை முந்நூறு கோடுகள்.
தலையைச் சற்றே சாய்த்தால்
விளிம்பாகிவிடக்கூடிய இடங்களுக்கும்
மெலிதாக ஒன்று கொடுத்தேன்.
பின்னால் போகும் கோடு
முன்னதைத் தொடும் முன் அறுந்துவிட வேண்டும்.
அந்த வெள்ளைத் துண்டில்தான்
ஆழம் இருக்கிறது.
குழிவுகளுக்குள் நெருக்கமாய்ச் சாய்கோடுகள்,
உள்ளே போகப் போகத் தடிமனாக.

வெள்ளிக்கிழமை ஹைமாவதி
அச்செடுத்த தாளைப் படமெடுத்து அனுப்பினாள்.
ஓரத்தில் டீ டம்ளரின் அரைவட்டம்.
பள்ளத்தின் வாயருகே
நீலப் பேனாவால் அவளே இழுத்த
ஒரு சின்னக் கோடு.

என் விதிப்படி அங்கே கோடு வராது.
எந்தத் திசையில் தலை சாய்த்தாலும் வராது.
திருப்பித் திருப்பிச் சுழற்றிப் பார்த்துவிட்டேன்.

அது இல்லாமல் இப்போது
எனக்குப் பள்ளம் தெரிவதில்லை.