முன்பு இருந்தபடி

மூன்றாவது ராத்திரியும் நின்றுபோனது
ராணிப்பேட்டை தோல் ஆலையின் கழிவுநீர் மானி.
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஓடுது மேடம்," என்றார்
சூப்பர்வைசர் கெங்கையப்பன், அதுவே வைத்தியம் என்பதுபோல.
குரோம் வாடைக்குத் துப்பட்டாவை
மூக்கோடு கட்டிக்கொண்டாள் தில்ஷாத்.

பிழை சின்னது.
எண்ணை எழுத உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது கர்னல்.
அந்த நொடி பார்த்துக் குறுக்கிடுகிறது சென்சார்.
என்னவென்று கேட்க ஓடிவருவதும் அதே கர்னல்,
கேட்பதும் அதே பூட்டு.
உள்ளே இருப்பவன் வந்தால்தான் திறக்கும்.
வெளியே நிற்பவன் விலகினால்தான்
உள்ளே இருப்பவன் அசைய முடியும்.
இரண்டு பேரும் ஒருவனே.

பூட்டுமுன் குறுக்கீட்டை அடை,
பூட்டு விட்டதும் குறுக்கீட்டைத் திற.
இரண்டு வரி. கொட்டாவி விட்டேன்.

"திறக்காதே," என்றாள் தில்ஷாத்.
"உனக்கு முன்னாடி வேற யாராவது அடைச்சிருந்தா?
எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு வா."

அழித்தேன். முதலில் நிலையைக் குறித்துக்கொள்;
பிறகு அடை; கடைசியில்
குறித்த நிலைக்கே திரும்பு.

ஆறு மணிச் சங்கு ஊதும்போது
அலுக்காமல் எண் சொல்லிக்கொண்டிருந்தது மானி.
திருவலம் பாலத்துக்குக் கீழே பொன்னையாறு:
மணல், ஒரு நாய்.

காட்பாடி வீட்டில்
ஒருக்களித்துக் கிடந்தது மகளின் அறைக் கதவு.
நுழைந்து போர்வையை இழுத்துவிட்டு
வெளியே வந்தவள்
எத்தனை விரற்கடை என்று யோசித்து
அத்தனையே விட்டேன்.