பதில் பொறுப்பு

நெடுங்கேணிக்கு மேற்கே தகரக்கூரைக் கந்தோர்.
மேசையில் மூன்று மொழியில் என் பதவிப் பலகை.
தமிழில் அது ‘பதில்’ என்று தொடங்குகிறது.
பதில் பொறுப்பதிகாரி.
நிரந்தரமானவர் மாற்றலாகிப் பதினாலு மாதம்.
அடுத்தவர் வரும்வரை
நான்தான் பதில்.

கேள்விகள் காலை ஏழரைக்கே வந்துவிடும்.
வேலிக்கு எப்ப கரண்ட் விடுவியள்?
யானைவெடி ஏன் வீட்டுக்கு ரெண்டு மட்டும்?
போன போகம் தின்ற வாழைக்கு
நட்டஈடு எந்த அலுமாரியில படுத்திருக்கு?
பாலைப்பழத்துக்குப் போனவளைக் கரடி கீறினது
ஆற்ற பிழை, கரடியின்ரயோ?

இடாப்பில் பதினாறு கட்டம், ஆட்கள் ஒன்பது.
ஒரு பிக்கப், கிளச் தேய்ந்தது.
இரண்டு துவக்கு, ஒன்று சுடாது.
எது என்று
எனக்கும் விஜேதுங்கவுக்கும் மட்டும் தெரியும்.

பயிற்சியில் தலைமைத்துவத்துக்கு மூன்று நாள் தந்தார்கள்.
அம்புக்குறிப் படங்கள், நல்ல மதியச் சாப்பாடு.
கென்யாவில் ஒருத்தி ஹெலிகொப்டரில் இருந்தபடி
காண்டாமிருகம் எண்ணினாள்.
கைதட்டினோம்.

திங்கட்கிழமைகளில் யோகமலர் வருவார்.
பிளாஸ்ரிக் உறைக்குள் எழுபத்தெட்டாம் ஆண்டு அனுமதிப்பத்திரம்,
தகப்பன் பெயரில்.
பேசாமல் மேசையில் வைப்பார்.
அவர் முகாமில் இருந்தபோது
இரண்டு ஏக்கரும் காடாகின.
காடானதை வர்த்தமானி எங்களுடையது என்றது.
வரைபடத்தில் அது பச்சை. வீடில்லை, கிணறில்லை.
‘பாக்கிறம் அக்கா’ என்பேன்.
அதுவும் ஒரு பதில்.

ஆவணிக் கடைசி.
குளமெல்லாம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த இரவில்
அந்த இல்லாத கிணற்றுக்குள்
ஒரு குட்டி விழுந்தது.
தாய் சுற்றிச் சுற்றி
நிலத்தை உழுதுகொண்டிருந்தது.
மிருக வைத்தியர் வர மூன்று மணித்தியாலம்.
பெக்கோ கேட்டேன், கடிதம் கேட்டார்கள்.
ஒன்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
ஒரு அம்புக்குறியும் ஞாபகம் வரவில்லை.

யோகமலருக்கு அழைத்தேன்.
மகனின் மோட்டார் சைக்கிளில் அலவாங்கோடு வந்தார்.
‘தெற்குப் பக்கம் வெட்டுங்கோ மிஸ்.
அப்ப சீமெந்துக்குத் தடை,
இவர் அந்தப் பக்கம் மண்சாந்தில கட்டினவர்.
வடக்குக் கல்லு, விடாது.’
சட்டப்படி அவர் அங்கே நிற்கவே கூடாது.
‘றெஜினோல்ட், அக்காவுக்கு லைற்றைப் பிடி’ என்றேன்.

தாயை வெடிபோட்டுத் தள்ளிவைக்க
இரண்டு பேரை அனுப்பினேன்.
ஒருவனுக்கு ஆறு மாதக் குழந்தை.
அது நினைவுக்கு வந்தது
அனுப்பிய பிறகு.

விடியப்புறம், சரிந்த மண்ணில் ஏறிவந்த குட்டி
விஜேதுங்கவை முட்டிவிட்டு ஓடியது.
முழங்கால் இன்னும் வீக்கம்.
அது திரும்பிப் பார்த்ததாகப் பத்திரிகைக்காரர் எழுதினார்கள்.
பார்க்கவில்லை.
வெடிபோடப் போனவர்கள் இரண்டு பேரும்
பிளேன்ரீ கேட்டார்கள். நானே ஊற்றினேன்.

பிறகு அறிக்கைப் படிவம்.
சம்பவம் நடந்த இடம்: மூன்று அங்குலக் கோடு.
பிரிவும் தொகுதி இலக்கமும் எழுத வேண்டும்.
எழுதினேன்:
‘யோகமலரின் காணி, கிணற்றடி.’
கையொப்பம். முத்திரையில் மை கொஞ்சம் கூடிவிட்டது.
மூன்று பிரதி.

பதினான்கு நாளுக்குள் விளக்கம் வேண்டுமாம் தலைமையகத்துக்கு.
இன்று ஒன்பதாம் நாள்.
திங்கள் இல்லை, ஆனாலும் யோகமலர் வந்தார்,
பத்திரம் இல்லாமல்.
‘கிணத்தை மூடப்போறியளோ?’

மூடினால் இன்னொரு குட்டி விழாது.
மூடினால்
அந்தக் காணிக்கு இருக்கும் ஒரே சாட்சியும் மண்ணுக்குள்.

பலகை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.
என் பக்கம்
அதில் ஒரு எழுத்தும் இல்லை.