வரிசையில் ஒரு கல்

கோண்டாவில் பெற்றோல் செற்றுக்கு முன்னால்
மூன்றாவது இரவு.
எனக்கு முன்னால் நின்றது ஒரு கல்.
முருகைக்கல். ஏதோ மதில் விழுந்ததில் எடுத்தது.
கரியால் 4471 என்று எழுதி
"பிள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ"
என்றுவிட்டுப் போனவரின்
முகம் எனக்கு ஞாபகமில்லை.

எனக்குப் பின்னால் இமெல்டா.
பாஷையூர் ஐஸ் பக்டரியில் கணக்கெழுதுகிறவ.
ஸ்கூட்டியின் கைபிடியில் செபமாலை.
"நீர் எந்தக் கோயில்?"
"ஒண்டுமில்லை."
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு
ரோஸ் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தா.

"அப்ப ஒருத்தரும் பாக்கேல்லையெண்டால்
நீர் ஏன் களவெடுக்கேல்ல?"
"நீங்கள், அவர் பாக்கிறாரெண்டோ எடுக்கேல்ல?"
"இல்லை. எனக்கு வெக்கம்."
"எனக்கும் அதுதான்."
"அந்த வெக்கத்தை ஆர் உள்ள வைச்சது?"
பரிணாமம் என்றேன்.
ரியூசனில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால்
திடமாய் வருகிற சொல்
இங்கே காய்ந்த பாண்போல் தொண்டையில் நின்றது.

பத்து மணிக்குப் பிறகு
தம்பியைப் பற்றிச் சொன்னா.
பதின்மூன்று வருடம். கடிதமில்லை, எலும்புமில்லை.
"அவன் ஆரிட்டையோ இருக்கிறான் எண்டு நினைக்காட்டில்
நான் என்னெண்டு விடிய எழும்பி
ஐஸ்கட்டி எண்ணுறது?"
இதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது.
சொல்லவில்லை.
அப்பாவின் செத்தவீட்டில் எல்லோரும் தேவாரம் பாட
வாயை மட்டும் அசைத்தபடி நின்றவள் நான்.
அதையும் சொல்லவில்லை.

இரண்டு மணியிருக்கும்.
முன்னால் ஒரு ஓட்டோ நம்பிக்கை விட்டு
வீட்டுக்குத் திரும்பியது.
தூக்கத்திலேயே எல்லோரும் ஒரு வண்டி நீளம் உருட்டினார்கள்.
கல்லுக்குக் கால் இல்லை.
இரண்டு நாளாய் நான்தான் தூக்கித் தூக்கி வைத்தேன்.
இந்தமுறை
முன்சில்லை அதைத் தாண்டி விட்டேன்.

மின்வெட்டு.
அதனால் வானம் நிறைய வெள்ளி.
ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரியும்.
அந்த வெளிச்சம் புறப்பட்டபோது
இந்த றோட்டே இல்லை.
பெற்றோலும் இல்லை, வரிசையும் இல்லை.
ஆனாலும் நித்திரை வரவில்லை.
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு
என்ன வயது என்று கேட்காமல் விட்டேனே என்று
அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இறங்கினேன். சைக்கிளைப் பின்னால் உருட்டினேன்.
கல்லைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தேன்.
நாரியில் சுளுக்கு.

இருட்டுக்குள்ளிருந்து இமெல்டா:
"பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."
"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"
"என்ன செய்யிறீரெண்டு பாப்பமெண்டு."
"உங்கட கடவுளும் உப்பிடித்தானோ?"

செபமாலை இரண்டு மணி நகர்ந்த சத்தம்.
"நீர் தூக்கி வைக்காட்டில்" என்றா மெல்ல,
"நானும் சும்மாதான் இருந்திருப்பன்.
எனக்கும் ஒரு இடம் முன்னுக்குத்தானே."

விடிய யாரோ சின்னப்பிள்ளை
கல்லின் தலையில் நந்தியாவட்டை வைத்திருந்தது.
ஒன்பதுக்குப் பவுசர் வந்தது.
அவரும் வந்தார், மருந்துப் பையோடு.
ஆருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல்
எல்லோருக்கும் பொதுவாய்த் தலையாட்டினார்.
பூவை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை,
சட்டைப்பைக்குள் போட்டார்.
பிறகு செருப்புக் காலால்
கல்லை ஒரு தள்ளு தள்ளினார், வாய்க்கால் பக்கம்.

"ஐயோ" என்றோம்
இமெல்டாவும் நானும்
ஒரே நேரத்தில்.