சுரண்டாத பிரதி

இரும்புத்தும்பிக்கு வாய் கிடையாது.
முகம் முழுக்க இரும்பு மூடி.
அவன் பேச்சு மொத்தமும் குமிழியை நம்பி நிற்கிறது,
குமிழி என்னை நம்பி.

எங்கேயோ வரைகிறார்கள்.
அங்கேரிபாளையத்தில், கீழே ஓவர்லாக் மெஷின் ஓட ஓட
அதிரும் மாடியறையில்
நான் அவனுக்குத் தமிழ் எழுத்துப் போடுகிறேன்.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
அவர்கள் மொழியில் மூன்றே எழுத்தில் கத்துவான்,
தமிழில் அது பதினொன்றாகும்.
குமிழியோ கோலிக்குண்டு அளவு.

முதலில் வந்தது ஆட்டம், கதை அதற்கப்புறம்.
ஒன்பதாம் கோட்டை.
ராத்திரி முழுக்க செல்போனில்
நூறு நூறு பேராக ஏறி விழுகிற கோட்டை.
அங்கே அப்டேட் வந்தால் இங்கே விதி மாறும்.
போன மார்கழியில் அவன் சிறகின் பலத்தில்
பதினெட்டு சதவீதம் குறைத்தார்கள்,
அவனை வைத்தே எல்லாரும் ஜெயிக்கிறார்களாம்.
பதினான்காம் இதழில் அவனுக்குக் காய்ச்சல்.
எதனால் என்று கதைக்குள் ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
பில் போட்டேன்.

பின்னட்டையில் ஒரு வெள்ளிப் பட்டை உண்டு.
சுரண்டினால் பன்னிரண்டு எழுத்து,
ஆட்டத்தில் அதை அடித்தால் தும்பிக்குத் தங்கச் சிறகு.
அறுபது ரூபாய்ப் புத்தகம் விற்பதே அதற்குத்தான்.
பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி, அங்கேயே சுரண்டி,
என் முன்னூறு குமிழிகளால்
பைக் சீட்டைத் துடைத்துவிட்டுப் போகும் பையன்களைப்
பார்த்திருக்கிறேன்.
கோபமெல்லாம் இல்லை.
கடலையைத் தின்றபின் பொட்டலத்தைப் படிக்கிற ஆளில்லை நானும்.

பல்லடம் ரோட்டில் நாச்சிமுத்துவின் பழைய பேப்பர் கடை.
நூல் கோன், அட்டைப்பெட்டி, பனியன் வேஸ்ட்,
அதற்கும் பின்னால் ஒரு மூட்டையில்
இரும்புத்தும்பி, கிலோ பதினாறு.
"பூராவும் சொரண்டுனதுங்க.
படம் நல்லாத்தான் இருக்குது, வேணும்னா எடுத்துக்கங்."
குத்துக்காலிட்டுப் புரட்டினேன்.
ஒவ்வொன்றின் முதுகிலும் காசு கீறிய தழும்பு.

ஒன்றில் மட்டும் வெள்ளி அப்படியே மினுங்கியது.
உள்ளேதான் தேய்ந்திருந்தது புத்தகம்:
மூலைகள் மடிந்து,
தேங்காயெண்ணெய் இறங்கி,
எட்டாம் பக்கத்துக்கு செலோடேப் ஒட்டுப் போட்டு.
முதல் பக்கத்தில் நீல மையில்
சு. மைலாத்தா, செக்கிங், ரெண்டாவது ஷிப்ட்.
எடுத்தவங்க திருப்பித் தரோணும்.

பதினான்காம் இதழ்.
காய்ச்சலில் விழுந்தவனை ஒன்பது பேர் மிதிக்கும் கட்டம்.
எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி
எறும்பு வரிசையாக நான் திணித்திருந்த
'என்னை விட்டுவிடுங்கள்'
மேல் ஒரே கோடு.
பக்கத்திலேயே, முட்டை முட்டையாக,
உடுங்.

விரல் விட்டு எண்ணினேன். மூன்று.

ஓரத்தில் இன்னும் எழுதியிருந்தது.
காச்சக்காரனப் போயி மிதிக்கறானுக, கெரகம் புடிச்சவனுக.
அதற்குக் கீழே, வேறொரு நாள் போல, பென்சிலில்
ஏன் காச்சல்? மழைல நனஞ்சானா?

தராசில் போட்டார் நாச்சிமுத்து,
முள் அசையவே யோசித்தது.
"ரெண்டு ரூபா குடுங், போதும்."
கையில் காசு, எதிரில் வெள்ளிப் பட்டை.
அந்தச் சிறகுக்குக் கெடு போன மாசமே முடிந்துவிட்டது,
எனக்குத் தெரியும்.
இருந்தும் நகம் ஒரு கணம் அரித்தது.
காசை அவரிடமே கொடுத்தேன்.

அன்று ராத்திரி பதினைந்தாம் இதழ்.
முதல் கட்டத்திலேயே தும்பி எழுந்து நிற்கிறான்,
பின்னால் மின்னல்.
வானம் எனது என்று அவன் சொல்லியாக வேண்டும்.
சரிபார்க்க அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லை.
கொஞ்ச நேரம் கர்சர் துடிப்பதையே பார்த்திருந்தேன்.
பிறகு அடித்தேன்:
நனையலீங்க.

குமிழியில் இடம் மிச்சமிருந்தது.
கீழே ரெண்டாவது ஷிப்ட் விட்டு
டிபன் தூக்குகள் படியில் மோதிக்கொண்டு இறங்கின.
இதழை அனுப்பினேன்.
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
பில் போடவில்லை.