உள்ளுறை

போன தேர்தலில்
தபால் வாக்குச்சீட்டு பத்து நாள்
ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது, கரண்ட் பில்லோடு.
ஒரு ராத்திரி ஹாலன்
பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்:
இங்கே ஒரு டிக்.
உறைக்குள் உறை வைத்து
சோற்றுப் பருக்கையால் ஒட்டியதும் அவரே.

இந்த முறை விதி மாறிவிட்டது.
வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம்.
பயிற்சி நாளிலேயே
கோத்தகிரிப் பள்ளியில் போட்டுவிட வேண்டுமாம்.
சாப்பாட்டு நேரம் போச்சே என்று
முணுமுணுத்தார்கள் மற்ற டீச்சர்கள்.

பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி
நிறுத்திய மறைப்பு.
குளிரில் பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினேன்,
அவசரப்படாமல்.

ராத்திரி கேட்டார்:
கவர் இன்னும் வரலையா?
அங்கேயே வாங்கிக்கிட்டாங்க.
ரசத்துக்குக் கை நீட்டியவர்
ஒருமுறை
ஃபிரிட்ஜ் மேலே பார்த்தார்.