கரடி விடாதவள்

கோத்தகிரியில் ஒன்பது வருடம் இருந்தேன்.
எண்ணூருக்கு மாற்றல் வந்த அன்று
டிரங்குப் பெட்டியோடு சேர்ந்து
சில பழக்கங்களும் லாரியில் ஏறிவிட்டன.

காலடிப்பேட்டை வாடகை வீட்டில்
குப்பைக்கூடை மூடியை
இரவானால் கம்பி போட்டு முறுக்குகிறேன்.
எண்ணெய்க் கேனை பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.
மாடிப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஃப்ளோரா
"பீரோல நகைய வெப்பாங்க,
நீ இன்னாமே கடலெண்ணைய வெக்கிற?" என்றாள்.
கரடி வரும் என்றேன்.
"கரடி உடாத மேடம்."

சிவபூஜையில் கரடி என்று
எல்லோரும் சும்மா சொல்வார்கள்.
நான் அதற்கு மகஜர் எழுதியிருக்கிறேன்:
கருவறைக் கதவு, உடைந்தது, ஒன்று.
நல்லெண்ணெய், குடிக்கப்பட்டது, மூன்று லிட்டர்.
சர்க்கரைப் பொங்கல் அண்டா, நசுங்கியது, ஒன்று.
சாமிக்குச் சேதமில்லை.

அங்கே விதி ஒன்றுதான்.
தேயிலைக்குள் இறங்கும் முன் குரல் கொடு.
பேசு, இருமு, வாய்ப்பாடு சொல்லு,
வருவது தெரியட்டும்.
கரடிக்குக் கண் மங்கல்.
கோபமெல்லாம் இல்லை அதற்கு.
திடுக்கிடல்தான்.

இங்கே
சாம்பல் குழாய்க்கு அந்தப் பக்கம்
உமரி சிவந்து கிடக்கும் சேற்றில்
வலை கட்டுகிறார்கள்,
உள்ளானுக்கு, நாமக்கோழிக்கு, எது விழுந்தாலும்.
கண்ணுக்கே தெரியாத நைலான்.
கழியில் கட்டித் தொங்கவிட்ட மொபைல்
இரவெல்லாம் உள்ளான் குரலில் கூப்பிடுகிறது,
இல்லாத ஒரு கூட்டம்
இங்கே இறங்கிவிட்டது, வா வா என்று.
கரடி விடுவது என்றால் அதுதான், ஃப்ளோரா.

"சத்தமில்லாமப் போய் அமுக்கணும்" என்கிறார் ரேஞ்சர்.
சேற்றில் கால் வைத்ததும்
என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.
பதினேழாம் வாய்ப்பாடு.
மூ பதினேழு ஐம்பத்தொன்று தாண்டும்போது
எதிர்க்கரையில் பைக் ஸ்டார்ட் ஆகும்.
போய்ச் சேரும்போது வலையும் பறவைகளும் மட்டும்.
கத்தரிக்கோலால் கண்ணி கண்ணியாக வெட்டுவேன்.
சில பறக்கும்.
சில, கையில் சூடாக இருந்துகொண்டே
இல்லாமல் போகும்.

மெமோ வந்தது:
ஐந்து மாதத்தில் ஒருவரைக்கூடப் பிடிக்காதது ஏன்?

அதனால் ஒரு மார்கழி விடியலில்
பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.
அனல்மின் நிலையத்தின் உறுமலுக்குள்
என் காலடி ஒளிந்துகொண்டது.
கோரைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தான்.
மடியில் கோணி. கோணிக்குள் படபடப்பு.
இரண்டு முழ தூரத்தில் திரும்பினான்.

அந்தக் கண் எனக்குத் தெரியும்.

கையிலிருந்த கத்தி
என் முழங்கையைக் கீறிப் போன பிறகுதான்
என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது.
"ஐயோ யக்கா, பயந்துட்டேன்."
ஓடவில்லை.
துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டான்.

ஸ்டான்லியில் ஏழு தையல்.
பெயர் எத்திராசு, வயது முப்பத்தொன்று.
ஆற்றில் சாம்பல் கலந்தபின் இறால் இல்லை
என்று எழுதச் சொன்னான். எழுதினேன்.
"இது பொறம்போக்கு மேடம்.
பொறம்போக்குல மேயிறதுக்கு யாரு ஓனரு?"
அதையும் எழுதினேன்.
சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.
பிரிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்து வாங்கினேன்,
இடது கையால் காகிதத்தை
அழுத்திப் பிடிக்க முடியாமல்.
கோணியில் பதினொன்று.
உயிரோடு ஒன்பது.

ஃப்ளோரா கட்டைப் பார்த்தாள்.
"கரடியா?" என்றாள்.
சிரிக்கவில்லை.

தையல் பிரித்த வாரமே
கழியில் இறங்கினேன்.
ஓர் பதினேழு பதினேழு.
ஈர் பதினேழு முப்பத்திநாலு.
மூ பதினேழு சொல்லி நின்றேன்.
பைக் எதுவும் கிளம்பவில்லை.
தண்ணீர் வெதுவெதுப்பாகக் கணுக்காலைச் சுற்றியது.

கோரைக்குள்ளிருந்து யாரோ
இருமினார்கள்.