காணும்

ஒல்டனில் மழை. சலவைக்கூடத்தின் இடைவேளை மேசையில்
வைத்தியர் தந்த படிவத்தை விரித்தேன்.
முதற்பக்கம் லேசாய்ப் போயிற்று.
பெயர்: பவளராணி.
பிறந்த திகதி: அகதி அட்டையில் பிழையாய் விழுந்த
அதே திகதி. முப்பது வருடமாய்
அன்றைக்குத்தான் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள்.

மூன்றாம் பக்கம் கேட்டது:
உங்களால் பேச முடியாதபோது
உங்களுக்காகப் பேசுபவர் யார்?

ரொறன்ரோவில் ஒரு தம்பி இருக்கிறான்.
இரண்டு முழக் காணிக்காக
என்னோடு கதைக்காமல் விட்டுப் பதினொரு வருடம்.
எனக்காக அவன் பேசுவானாம்.

"என்னைப் போடு" என்றாள் டிராகிட்சா,
வாய் நிறையப் பாணோடு.

பத்தொன்பது வருடமாய்
ஒரே விரிப்பின் இரு தலைப்பையும் பிடித்து
மடித்து வருகிறோம் அவளும் நானும்.
எல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகள்.
யார் யாரோ கடைசியாய்ப் புரண்டு படுத்தவை.

அவளைப் போட்டேன்.
தொண்டையில் குழாயா? வேண்டாம்.
மூச்சு இயந்திரம்? மூன்று நாள் பார்,
அதற்கு மேல் கரண்ட் காசு வீண் என்றேன்.
சிரித்ததில் கோப்பி சிந்தி
நாலாம் பக்கம் நனைந்தது.

பிறகு அவள் சிரிக்கவில்லை.
அவளுடைய மாமிக்கு மறதி வந்தபோது
ஜெர்மன்தான் முதலில் போனதாம்.
கடைசியாய் வந்ததைத்தானே முதலில் நிறுத்துவார்கள்,
தொழிற்சாலையில் ஆள் குறைக்கிற மாதிரி.
"அப்போது உன்ர பாஷையில்
என்னிடம் நீ என்ன கேட்பாய்?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பின்பக்கம் திருப்பி
அவளுடைய எழுத்தில் எழுதவைத்தேன்:
தண்ணி.
நோகுது.
மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தேன்.
இன்னும் ஒரு கரண்டி சோறு வரும்போது
கோப்பைக்குக் குறுக்கே கையை வைத்துச் சொல்வோமே:
காணும்.

ணகரத்துக்கு அவளுடைய நாக்கு வளையவில்லை.
கானும், என்றாள். கானும், கானும்.
பரவாயில்லை. அந்த நேரம்
நானா எழுத்துப்பிழை பார்க்கப்போகிறேன்.

அவளும் தன்னுடையதைச் சொன்னாள்.
வோதா. தோஸ்தா.
நோகுதுக்கு, போலி.
போலியா, என்றேன்.
ஓம், போலி, என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.
அவள் வலி என்று சொல்வதை
பொய் என்றே கேட்கிறது என் காது.
இதைப் பழக்கவேண்டும், நாள் இருக்கும்போதே.

இயந்திரம் நின்று மணி அடித்தது.
சாம்பலை என்ன செய்வதென்று கேட்கும் ஏழாம் பக்கம்
நாளைக்கு.
சூடு ஆறாத விரிப்பில் ஒரு தலைப்பை நீட்டினேன்.
இழு, என்றாள்.
இழுத்தேன்.